எந்த டயர் நல்ல டயர்?

(வாடகை மோட்டார் ஓட்டுநர்கள் கூட்டமொன்றில் பேசியது)



இக்கூட்டத்தில் நம்மைப் பேசும்படி அழைத்தவர்கள் "எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம்" என்று தாராளமாகச் சொல்லிவிட்டார்கள். நமக்கு முன் பேசிய தோழர்கள் சங்கத்தைப் பற்றியும், கூலியைப் பற்றியும், பெட்ரோல் விலையைப் பற்றியும் வேண்டிய அளவு பேசிவிட்டார்கள். ஆகையால் நாம், உங்கள் ஒவ்வொருவருடைய வண்டிக்கு அடியிலும் நாள் முழுதும் உருண்டு கொண்டிருந்தும் யாரும் குனிந்து பாராத ஒரு சாமானைப் பற்றிப் பேசலாமென்று தீர்மானித்தோம். அதுதான் டயர். அதிலும் ஜெர்மனி முதலிய அய்ரோப்பிய தேசங்களில் "கோடைக்கால டயர்" என்று ஒன்று விற்கிறார்களே, அதை ஒன்றோடொன்று எப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது, எதை நம்புவது, எதைத் தள்ளுவது என்பதுதான் நமது இன்றைய பேச்சு.

"ஜெர்மனிக்காரன் டயரைப் பற்றி நமக்கென்ன கவலை?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். கேட்கவேண்டியதுதான். இந்தப் பேச்சுக்குக் காரணமாக இருந்தது ஒரு கடிதமாகும். நம் ஜில்லாவைச் சேர்ந்த ஒரு தோழர் ஜெர்மனியில் ஒரு பட்டறையில் வேலை பார்த்து வருகிறார். அவர் ஒரு நாள் தம் மனைவியையும் சிறு பெண்ணையும் ஏற்றிக்கொண்டு மழையில் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். முன்னே போன வண்டிகள் திடீரென்று நிற்க, இவரும் பிரேக்கை மிதித்தார். முன் வண்டிகள் எல்லாம் நின்றுவிட்டன. இவர் வண்டி நிற்கவில்லை; வழுக்கிக்கொண்டே போய் ஓரத்து இரும்புத் தடுப்பில் மோதி நின்றது. யாருக்கும் உயிர்ச்சேதமில்லை. பெண் குழந்தைக்கு மட்டும் நெற்றியில் காயம். டயர்கள் மொட்டையாக இருந்தனவா என்றால் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்புதான் ஒரு கடையில் "இது போதும், எல்லாம் ஒன்றுதான்" என்று சொன்னதைக் கேட்டு, இருப்பதில் மிகவும் மலிவானதாகப் பார்த்து நான்கும் புதிதாகப் போட்டிருக்கிறார்.

அவர் நமக்கு எழுதிக் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்: "இனி எந்தக் கம்பெனி டயர் வாங்கட்டும்?"

நாம் என்ன செய்தோம் தெரியுமா? வெட்கத்தை விட்டுச் சொல்லுகிறோம். நமக்குத் தெரிந்த ஒரு பெரிய கம்பெனியின் பெயரை எழுதி, "அதிலேயே விலை அதிகமானதாகப் பார்த்து வாங்கிப் போடுங்கள்" என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டோம். அவர் திரும்ப எழுதினார்: "எதை ஆதாரமாக வைத்துச் சொல்லுகிறீர்கள்?" என்று. நம்மிடம் பதில் இல்லை. பெயரைக் கேட்டிருக்கிறோம், விளம்பரத்தைப் பார்த்திருக்கிறோம், அவ்வளவுதான். ஊரெல்லாம் போய் "ஏன், எதற்கு, ஆதாரம் என்ன?" என்று கேட்கச் சொல்லிக்கொண்டு திரிகிற நாம், ஒரு குழந்தையின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் கேள்வியே கேட்காமல் தீர்ப்புச் சொல்லிவிட்டோம். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தோம். படித்ததைத்தான் உங்களுக்குச் சொல்லுகிறோம்.

அன்றியும், டயர் என்பது நமக்குச் சம்பந்தமில்லாத சாமானும் அல்ல. சென்னையைச் சுற்றி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், தேர்வாய்க் கண்டிகை முதலிய இடங்களில் டயர் செய்கிறவர்கள் நம் ஜனங்களே. செய்கிற ஜனங்களுக்கு அதன் குணம் தெரிந்திருக்க வேண்டாமா?

தோழர்களே! முதலில் டயர் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஒரு நடுத்தரமான கார் சுமார் 1300 கிலோ எடையுள்ளது. அந்த எடை முழுவதையும் ரோட்டின் மேல் தாங்கிக்கொண்டிருப்பது எவ்வளவு இடம் தெரியுமா? ஒரு டயர் ரோட்டைத் தொடுகிற இடம் ஏறக்குறைய ஒரு தபால் கார்டு அகலம்தான். நான்கு டயருக்கு நான்கு கார்டு. திருப்புவதும், வேகமாகப் போவதும், நிற்பதும் எல்லாம் அந்த நான்கு கார்டு அளவு ரப்பரின் தயவில்தான் நடக்கிறது. எஞ்சின் எவ்வளவு பலமுள்ளதானாலும், பிரேக் எவ்வளவு உயர்ந்ததானாலும், அந்த ரப்பர் பிடித்தால்தான் உண்டு. பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்தும்; வண்டியை நிறுத்துவது டயர்.

இந்தக் காற்றடைத்த டயர் தேவலோகத்திலிருந்து வந்ததுமல்ல, ஒரே நாளில் வந்ததுமல்ல. தாம்சன் என்பவர் 1845-ல் இதற்குப் பேட்டண்ட் வாங்கினார். அது நடைமுறையில் நிலைக்கவில்லை. 1888-ல் டன்லப் என்கிற மாட்டு வைத்தியர் பெல்பாஸ்டு நகரத்தில் தம் பையனின் மூன்று சக்கர வண்டிக்காகச் செய்து பார்த்து மறுபடியும் கண்டுபிடித்தார். 1895-ல் மிஷ்லின் சகோதரர்கள் பாரிசிலிருந்து போர்தோ வரையில் போய்த் திரும்பும் மோட்டார்ப் பந்தயத்தில் காற்றடைத்த டயர் போட்டு ஓட்டினார்கள். வழியெல்லாம் பஞ்சர் ஆயிற்று, ஆனாலும் ஓடும் என்று காட்டினார்கள். ரேடியல் டயருக்கு 1946-ல் பேட்டண்ட் எடுத்தார்கள். 1949-ல் விற்பனைக்கு வந்தது. ஒவ்வொருவரும் முன்னவர் செய்ததைக் குறைசொல்லி, சோதித்து, திருத்தித்தான் முன்னேறியிருக்கிறார்கள். "முன்னோர்கள் செய்தது, மாற்றக்கூடாது" என்று இருந்திருந்தால் இன்றைக்கும் இரும்புப் பட்டை போட்ட சக்கரத்தில்தான் போய்க்கொண்டிருப்போம்.

நிற்க, கோடைக்கால டயர் என்றால் என்ன? ரப்பர் குளிரில் விறைக்கும், வெயிலில் இளகும். இது உங்களுக்குத் தெரிந்ததே. பனி பெய்கிற தேசத்தில் குளிர்காலத்துக்கென்று விறைக்காத ரப்பரில், பனியைக் கவ்விக்கொள்ளும் மெல்லிய கீறல்களோடு ஒரு டயர் செய்கிறார்கள். அதையே வெயிலில் போட்டு ஓட்டினால் அது இளகி நெளிந்து, பிரேக் தூரம் நீண்டு, சீக்கிரம் தேய்ந்துபோகும். வெயிலுக்கும் வெதுவெதுப்பான மழைக்கும் ஏற்றபடி உறுதியான ரப்பரில் செய்வது கோடைக்கால டயர். அதைப் பனியில் ஓட்டினால் சறுக்கும். ஆகவே வருஷத்துக்கு இரண்டு முறை மாற்றிக்கொள்ளுகிறார்கள்.

எப்போது மாற்றுவது? இங்குதான் வேடிக்கை. ஜெர்மனியில் ஜனங்கள் வழக்கமாகச் சொல்லும் ஒரு கணக்கு இருக்கிறது. அக்டோபரிலிருந்து ஈஸ்டர் பண்டிகை வரையில் குளிர்கால டயர், பிறகு கோடைக்கால டயர் என்பதே அது. அவர்கள் பாஷையில் இரண்டு பெயருக்கும் முதல் எழுத்து ஒன்றாக இருப்பதால் ஞாபகம் வைத்துக்கொள்ள வசதி. ஆனால் ஈஸ்டர் என்பது சந்திரனைப் பார்த்துக் கணக்கிடுவது. ஒரு வருஷம் மார்ச்சுக் கடைசியில் வரும், இன்னொரு வருஷம் ஏப்ரல் கடைசியில் வரும். ரப்பருக்குப் பண்டிகை தெரியுமா? பவுர்ணமி தெரியுமா? அதற்குத் தெரிந்தது ரோட்டின் குளிரும் சூடும்தான். சரி, இதைவிட மேலாக "7 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே போனால் மாற்று" என்று இன்னொரு கணக்குச் சொல்லுகிறார்கள். அதுவும் தோராயக் கணக்கே. ரப்பர்க் கலவை ஒவ்வொரு டயரிலும் வேறு வேறாகையால் எல்லா டயருக்கும் 7-ஆவது டிகிரியில் ஒரு கோடு போட்டிருக்கவில்லை. ஜெர்மன் சட்டமோ தேதியையும் சொல்லவில்லை, பண்டிகையையும் சொல்லவில்லை. ரோட்டில் பனியோ உறைநீரோ இருந்தால் குளிர்கால டயர் இல்லாமல் ஓட்டக்கூடாது என்று 2010 முதல் சொல்லுகிறது. நிலைமையைப் பார்த்து நடந்துகொள் என்பதுதான் அதன் பொருள். இது அறிவுக்குப் பொருத்தமானது.

இனி ஒப்பிடும் விஷயத்துக்கு வருவோம். கடையில் அடுக்கியிருக்கும் டயர்களைப் பாருங்கள். எல்லாம் கறுப்பு, எல்லாம் வட்டம், எல்லாவற்றிலும் ஒரே நாற்றம். கண்ணால் பார்த்தோ, கையால் தட்டியோ, நகத்தால் கிள்ளியோ நல்லது கெட்டது கண்டுபிடிக்க யாராலும் முடியாது. "எனக்கு 30 வருஷ அனுபவம், பார்த்தாலே சொல்லுவேன்" என்கிறவர் முகத்தைப் பார்த்து ஜோசியம் சொல்லுகிறவருக்குச் சமமானவர். அப்படியானால் எப்படித்தான் தெரிந்துகொள்ளுவது? சோதித்துப் பார்த்துத்தான்.

அய்ரோப்பிய யூனியனில் விற்கும் ஒவ்வொரு கார் டயருக்கும் 2012 நவம்பர் முதல் ஒரு சீட்டு ஒட்டவேண்டும் என்று சட்டம் செய்தார்கள். 2021 மே முதல் அதைத் திருத்தி அமைத்தார்கள். அதில் மூன்று விஷயங்கள் இருக்கும். எரிபொருள் எவ்வளவு மிச்சமாகும் என்பதற்கு ஏ முதல் ஈ வரையில் அய்ந்து வகுப்பு. ஈரமான ரோட்டில் பிடிப்பு எவ்வளவு என்பதற்கும் ஏ முதல் ஈ வரையில் அய்ந்து வகுப்பு. வெளியே கேட்கும் சத்தம் எவ்வளவு என்பது மூன்றாவது.

ஈரப் பிடிப்பின் வகுப்புகளை வெறும் எழுத்துக்களாக நினைத்துவிடக் கூடாது. அதற்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. ஒரு பொது டயரோடு ஒப்பிட்டு எண் கொடுக்கிறார்கள். ஏ வகுப்புக்கு 1.55-ம் அதற்கு மேலும். ஈ வகுப்புக்கு 1.09-ம் அதற்குக் கீழும். இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு நாம் பள்ளிக்கூடக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். மழையில் 80 கிலோ மீட்டர் வேகத்தில் இரண்டு வண்டிகள் பக்கம் பக்கமாகப் போகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் ஒரே நொடியில் பிரேக் போடுகிறார்கள். ஏ வகுப்பு டயர் போட்ட வண்டி 30 மீட்டரில் நின்றுவிட்டது என்றால், ஈ வகுப்பு வண்டிக்கு 42 மீட்டருக்கு மேல் வேண்டும். "12 மீட்டர்தானே!" என்று தோன்றும். ஆனால் கேளுங்கள்: முதல் வண்டி அடியோடு நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது வண்டி கடக்கும்போது அது இன்னும் ஏறக்குறைய 43 கிலோ மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அந்த இடத்தில் ஒரு குழந்தை நின்றுகொண்டிருந்தால், ஒருவர் தப்பினார், மற்றவர் கொலைகாரரானார். இருவரும் ஒரே மாதிரி சாமர்த்தியசாலிகள். ஒரே நொடியில்தான் பிரேக் போட்டார்கள். இதில் விதி எங்கே இருக்கிறது? வித்தியாசமெல்லாம் டயர் வாங்கும் அன்றே முடிந்துபோன காரியமல்லவா? நம் தோழருக்கு நேர்ந்தது இதுதான்.

ஆனால் தோழர்களே, சீட்டைக் கண்டதும் வேதவாக்கென்று நினைத்துவிடாதீர்கள். முதலாவது, அதில் எழுதியிருப்பது டயர் செய்கிற கம்பெனி தானே அறிவித்த மதிப்பு; சர்க்கார் பிறகு சரிபார்க்கலாம், அவ்வளவே. இரண்டாவது, அது சொல்லாத விஷயங்கள் பல. காய்ந்த ரோட்டில் பிடிப்பு எப்படி என்று அதில் இல்லை. வளைவில் வண்டி சொன்னபடி கேட்குமா என்று இல்லை. நீர் தேங்கிய இடத்தில் எந்த வேகத்தில் மிதக்கும் என்று இல்லை. எத்தனை கிலோ மீட்டர் ஓடித் தேயும் என்றும் இல்லை.

நீரில் மிதப்பதென்றால் என்ன? ரோட்டில் 3 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 205 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர் 80 கிலோ மீட்டர் வேகத்தில் போனால், நொடிக்கு 13 லிட்டருக்கு மேல் தண்ணீரை ஒதுக்கித் தள்ளவேண்டும். அதாவது ஒவ்வொரு நொடியும் ஒவ்வொரு டயரும் ஒரு குடம் தண்ணீரை விலக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது டயரின் மேல் வெட்டியிருக்கும் வரிப் பள்ளங்கள். நம் ஓட்டுநர்கள் "பட்டன்" என்று சொல்லுவது. பள்ளம் தேய்ந்துபோனாலோ, வேகம் மிஞ்சிப்போனாலோ தண்ணீர் விலக இடமின்றி டயருக்கு அடியில் புகுந்து வண்டியைத் தூக்கிவிடும். பிறகு ஸ்டியரிங்கும் இல்லை, பிரேக்கும் இல்லை, வண்டி படகாகிவிடும். இன்னொரு விஷயம்: "அகல டயர் போட்டால் பத்திரம்" என்று பலர் நம்புகிறார்கள். காய்ந்த ரோட்டில் அதற்கு லாபமுண்டு. ஆனால் தேங்கிய நீரில் அகலம் கூடினால் விலக்க வேண்டிய தண்ணீரும் கூடுமாகையால் அது சீக்கிரமாக மிதக்கக்கூடும்.

ஆகவே சீட்டு சொல்லாததைச் சொல்ல வேறு சோதனைகள் வேண்டியிருக்கின்றன. ஜெர்மனியில் 1903-ல் ஏற்பட்ட ஏ.டி.ஏ.சி. என்கிற மோட்டார் சங்கமும், சுவிட்சர்லாந்தில் 1896-ல் ஏற்பட்ட டி.சி.எஸ். என்கிற சங்கமும் அப்படிச் சோதிக்கின்றன. மோட்டார்ப் பத்திரிகைகளும் செய்கின்றன. எப்படிச் செய்கிறார்கள் என்பதுதான் முக்கியம். கம்பெனி அனுப்பும் மாதிரியை வாங்குவதில்லை. பெயர் சொல்லாமல் கடையில் போய் உங்களையும் நம்மையும் போல விலை கொடுத்து வாங்குகிறார்கள். ஏனெனில் கம்பெனி அனுப்பினால் பொறுக்கி எடுத்த டயரை அனுப்பாதென்று என்ன நிச்சயம்? ஒரே மாதிரி வண்டி, ஒரே ரோடு, ஒரே அளவு ஈரம் வைத்து ஒவ்வொன்றையும் பல தடவை ஓட்டுகிறார்கள். நடுநடுவே ஒரு பொது டயரையும் போட்டு ஓட்டி, வெயிலோ காற்றோ மாறியதால் கணக்கு மாறிற்றா என்று பார்த்துச் சரிசெய்துகொள்ளுகிறார்கள். ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் தண்ணீரில் விட்டு வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய், எந்த வேகத்தில் அது பிடிப்பை விடுகிறதென்று அளக்கிறார்கள்.

பிறகு மார்க்குப் போடுகிறார்கள். ஜெர்மன் மார்க்கு நமக்குத் தலைகீழ். எண் குறைய குறைய மேல். 2023 முதல் ஏ.டி.ஏ.சி. போடும் மார்க்கில் 100-க்கு 70 பங்கு ஓட்டத்தின் பத்திரத்துக்கு. 30 பங்கு தேய்மானம், எரிபொருள், சத்தம் முதலியவைகளுக்கு. இதில் நமக்கு மிகவும் பிடித்த ஒரு விதி உண்டு. முக்கியமான ஒரு பாடத்தில் மோசமாகத் தவறிய டயர், மற்ற பாடங்களில் எவ்வளவு வாங்கினாலும் மொத்த மார்க்கில் கீழே இறக்கப்படும். அதாவது, நூறாயிரம் கிலோ மீட்டர் உழைக்கும், சத்தமே போடாது, ஆனால் மழையில் மட்டும் நிற்காது என்றால் அது நல்ல டயரில் சேராது. நியாயந்தானே?

"எல்லாக் குணமும் உள்ள டயரை ஒரே அடியாகச் செய்துவிட்டால் என்ன?" என்று கேட்கலாம். அங்கேதான் கஷ்டம். ஈரத்தில் கவ்விப் பிடிக்கும் ரப்பர், உருளும்போது அதிகமாக நெளிந்து சூடாகி எரிபொருளைத் தின்னும். சீக்கிரம் தேயவும் கூடும். தேயாத கெட்டி ரப்பர் ஈரத்தில் வழுக்கும். ஈரப் பிடிப்பு, சுலப உருளல், நீண்ட உழைப்பு ஆகிய மூன்றும் மூன்று பக்கம் இழுக்கும் கயிறுகள். ஒன்றைத் தளர்த்தாமல் மற்றொன்றை இழுப்பது லேசல்ல. 1990-களின் ஆரம்பத்தில் ரப்பரில் கரித்தூளுக்குப் பதிலாகச் சிலிக்காவைக் கலக்கும் வழி கார் டயரில் வந்த பிறகு மூன்றும் கொஞ்சம் ஒத்துப்போகின்றன. நல்ல கம்பெனிக்கும் மட்டமான கம்பெனிக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கு இந்தக் கலவையில்தான் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. ஆகையால் எவராவது "இந்த டயருக்குக் குறையே கிடையாது" என்று சொன்னால், அவர் விற்கிறவர் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது கம்பெனிப் பெயர். பெரிய பெயர்கள் சோதனைகளில் பெரும்பாலும் மேலே வருவது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பெயரே ஆதாரமாகிவிடாது. ஒரே கம்பெனி, ஒரே மாடல், அளவு மட்டும் வேறானால் குணமும் வேறாகக்கூடும். ஒரே கம்பெனியின் ஒரு மாடல் தேர்ச்சி பெறும், இன்னொரு மாடல் தவறும். இந்தக் குலத்தில் பிறந்தவன் எல்லாம் உயர்ந்தவன் என்று சொல்லுவதில் எவ்வளவு அறிவு இருக்கிறதோ, அவ்வளவுதான் இந்தக் கம்பெனியில் பிறந்த டயர் எல்லாம் உயர்ந்தது என்று சொல்லுவதிலும் இருக்கிறது. உங்கள் அளவு என்ன, அந்த அளவில் அந்த மாடல் என்ன மார்க்கு வாங்கிற்று என்றுதான் கேட்கவேண்டும்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏழை மலிவாகப் பார்த்து வாங்குவதைக் கேலி செய்ய நாம் வரவில்லை. பாடுபட்ட காசு. ஆனால் கணக்குப் போடுங்கள். உதாரணத்துக்கு, நான்கு மலிவு டயர் 240 யூரோ, 30,000 கிலோ மீட்டர் ஓடுகிறது. நான்கு நல்ல டயர் 400 யூரோ, 50,000 கிலோ மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுவோம். வகுத்துப் பாருங்கள். இரண்டும் கிலோ மீட்டருக்கு 0.8 சென்டுதான்! விலை ஒன்றே, மழையில் நிற்பது மட்டும் இனாம். ஆகவே கடையில் கேட்கும் விலை வேறு, ஓடி முடிந்த பிறகு கொடுத்த விலை வேறு. சோதனைகளில் தேய்மானத்தை ஏன் அளக்கிறார்கள் என்பது இப்போது விளங்கும். மட்டுமல்ல, தேயும் ரப்பர் எங்கே போகிறது? தூளாகிக் காற்றிலும் நீரிலும்தான் போகிறது. அதனால் 2024-ல் அய்ரோப்பிய யூனியன் செய்த "யூரோ 7" சட்டத்தில் டயர் தேய்மானத்துக்கும் வரம்பு கட்டியிருக்கிறார்கள்.

நிற்க, எவ்வளவு உயர்ந்த டயரையும் பாழாக்க நமக்கு மூன்று வழி தெரியும்.

ஒன்று, காற்றை விட்டுவிடுவது. காற்றுக் குறைந்த டயர் அதிகமாக நெளியும், நெளிந்தால் சூடாகும், வெயிலும் வேகமும் பாரமும் சேர்ந்தால் வெடிக்கும். அமெரிக்காவில் 2000-ஆவது வருஷம் ஆகஸ்டில் பயர்ஸ்டோன் கம்பெனி ஓடிக்கொண்டிருந்த சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. டயரின் மேற்பட்டை கழன்று வண்டி கவிழ்ந்ததில் 250 பேருக்கு மேல் மாண்டதாகப் புகார்கள். டயர்க்காரர் வண்டியைக் குறை சொன்னார்; வண்டிக்காரர் டயரைக் குறை சொன்னார். குறைந்த காற்றும், சூடும், செய்முறையும் எல்லாம் விவாதத்துக்கு வந்தன. அதன் பலனாக அந்த வருஷமே ஒரு சட்டம் வந்து, காற்றுக் குறைந்தால் ஓட்டுநருக்கு அறிவிக்கும் கருவி புது வண்டிகளுக்குக் கட்டாயமாயிற்று. அய்ரோப்பாவிலும் 2014 நவம்பர் முதல் எல்லாப் புது கார்களுக்கும் கட்டாயம். மழைக்கும் காற்றுக்கும் சம்பந்தமுண்டு. அமெரிக்க நாசா நிலையத்தார் 1963-ல் வெளியிட்ட ஆராய்ச்சிப்படி, பள்ளங்களால் தள்ள முடியாத அளவு நீர் நிற்கும்போது, டயர் மிதக்கும் வேகம் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. அது ஆகாய விமான டயர்களை வைத்துக் கண்ட கணக்கு. காருக்குத் தோராயமாகத்தான் பொருந்தும். 32 பவுண்டுக் காற்றுக்குச் சுமார் 94 கிலோ மீட்டர். 24 பவுண்டானால் சுமார் 81. காசில்லாமல் கிடைக்கும் காற்றில் இத்தனை விஷயம் இருக்கிறது.

இரண்டு, மொட்டையாகும் வரையில் ஓட்டுவது. புது டயரில் பள்ளம் சுமார் 8 மில்லிமீட்டர். சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரையில் விடுகிறது. சட்டம் விட்டதென்று மழை விடுமா? கோடைக்கால டயரை 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடச் சொல்லுகிறது ஏ.டி.ஏ.சி. அளக்கக் கருவி வேண்டாம். ஒரு யூரோ நாணயத்தின் மஞ்சள் விளிம்பு சுமார் 3 மில்லிமீட்டர். அதைப் பள்ளத்தில் வைத்து, விளிம்பு வெளியே தெரிந்தால் டயருக்குக் காலம் முடிந்தது. இரண்டு மட்டும் புதிதாக வாங்கினால் நல்லதைப் பின்னால் போடவேண்டும். முன்னால் போடவேண்டுமென்று பலர் பிடிவாதம் பிடிப்பார்கள். முன் சக்கரம் வழுக்கினால் ஓட்டுநருக்குத் தெரியும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், சமாளிக்க நேரமிராது.

மூன்று, பழைய டயரைப் புதிதென்று வாங்குவது. டயரின் பக்கத்தில் டி.ஓ.டி. என்ற எழுத்துக்களோடு தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு எண் இருக்கும். 2325 என்றிருந்தால் 2025-ஆவது வருஷம் 23-ஆவது வாரம் செய்தது என்று அர்த்தம். ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் முதுமையடையும். பத்து வருஷத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாதென்று கம்பெனிகளே சொல்லுகின்றன. கடைக்காரர் ஜாதகம் எதைச் சொன்னாலும், பிறந்த தேதியை டயரே சொல்லும்; குனிந்து படித்தால் போதும்.

கடைசியாக, சோதிக்கிறவர்களையும் சோதிக்க வேண்டும் என்பதை மறக்கக்கூடாது. இவ்வளவு நேரம் நாம் புகழ்ந்த ஏ.டி.ஏ.சி. சங்கத்துக்கு 2 கோடிக்கு மேல் அங்கத்தினர்கள் உண்டு. அப்படிப்பட்ட சங்கத்திலேயே, ஜனங்களுக்குப் பிடித்த கார் எது என்று ஓட்டு வாங்கிப் பரிசு கொடுத்ததில் ஓட்டு எண்ணிக்கையைப் பொய்யாகக் கூட்டிக் காட்டியது 2014 ஜனவரியில் அம்பலமாயிற்று. அடுத்த மாதமே அதன் தலைவர் பதவியை விட்டு விலகினார். அது ஓட்டுப் பரிசு, டயர்ச் சோதனை அல்ல. ஆனாலும் பாடம் ஒன்றே. பெயருக்காக எதையும் நம்பாதீர்கள். ஒரு சோதனையை மட்டும் பார்க்காமல் இரண்டு மூன்றைப் பாருங்கள். எப்படி அளந்தார்கள் என்று வெளியே சொல்லுகிறார்களா, யார் பணம் கொடுத்தார்கள் என்று பாருங்கள். ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத மூன்று பேர் அளந்து ஒரே முடிவுக்கு வந்தால் அதற்கு மதிப்புண்டு.

நம் தோழருக்கு நாம் மறுபடியும் எழுதினோம். இந்தத் தடவை கம்பெனிப் பெயர் எழுதவில்லை. "உமது வண்டியின் அளவைப் பாரும். அந்த அளவில் வந்த சோதனைகள் இரண்டு மூன்றைப் படியும். ஈரத்தில் தவறியதையெல்லாம் முதலில் தள்ளிவிடும். மீதியில் காய்ந்த ரோட்டில் தவறியதைத் தள்ளும். அதற்குப் பிறகு மிச்சமிருப்பதில் உமது கைக்கு எட்டிய விலையைப் பாரும்" என்று எழுதினோம். அவர் அப்படியே செய்து, விலை அதிகமானதுமல்லாத, மலிவானதுமல்லாத ஒன்றை வாங்கிப் போட்டிருக்கிறார். நாம் முதலில் சொன்ன டயர் அல்ல அது! மாதம் முதல் தேதியன்று காற்றுப் பார்ப்பதும், நாணயம் வைத்துப் பள்ளம் பார்ப்பதும் இப்போது அவர் வீட்டில் அந்தச் சிறு பெண்ணின் வேலையாம்.

தோழர்களே! நாம் சொன்னதையும் அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டாம். நாம் போட்ட கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்கள். தப்பிருந்தால் எழுதுங்கள், திருத்திக்கொள்ளுகிறோம். ஆனால் இன்றிரவு வீட்டுக்குப் போவதற்கு முன் ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள். உங்கள் வண்டியண்டை போய் ஒரு நிமிஷம் குனிந்து, நான்கு டயரையும் ஸ்டெப்னியையும் விளக்குப் பிடித்துப் பாருங்கள். பள்ளம் இருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா, என்றைக்குப் பிறந்தது, காற்று எவ்வளவு என்று பாருங்கள். உங்களை நம்பி வண்டியில் ஏறுகிறவர்களுக்கு அதைப் பார்க்கத் தெரியாது. பார்க்கவேண்டியவர்கள் நீங்கள்தான்.